முன்குறித் திருத்தம் (சுழல்துப்பாக்கி)

முன்குறித் திருத்தம் என்பது பழைய சுழல்துப்பாக்கி ஒன்றின் குழல் முனையில் உள்ள குறிபார்க்கும் தகட்டை அராவியோ, உயர்த்தியோ, மாற்றியோ, சுடுபவர் குறிபார்த்த இடத்திலேயே குண்டு படும்படி செய்யும் வேலை ஆகும். ரிவால்வர் என்று பரவலாக அறியப்படும் சுழல்துப்பாக்கிகளுள் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் செய்யப்பட்ட பெரும்பாலானவற்றில் பின்குறி அசையாதது. உடற்சட்டத்தின் மேற்பட்டையில் வெட்டப்பட்ட ஒரு பள்ளமே பின்குறியாக அமைந்திருக்கும். அதனைத் திருகி மேலோ கீழோ நகர்த்த வழியில்லை. ஆகவே அத்தகைய துப்பாக்கியில் திருத்தக்கூடிய குறி முன்குறி ஒன்றே.

இவ்வேலை பார்வைக்கு எளியது. ஓர் அரமும் சிறிது நேரமும் போதும் என்று தோன்றும. ஆனால் அராவி எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க இயலாது. மேலும், எடுக்க வேண்டிய அளவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. இவ்விரண்டு காரணங்களாலும் எங்கே தொடங்குவது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே இதில் முதன்மையான கேள்வியாகின்றது.

குறிகளின் அமைப்பு

சுழல்துப்பாக்கியில் குறிபார்ப்பதற்கு இரண்டு உறுப்புகள் உள்ளன. சுடுபவரின் கண்ணுக்கு அருகில் இருப்பது பின்குறி; குழலின் முனையில் இருப்பது முன்குறி. பின்குறியின் பள்ளத்துக்கு நடுவே முன்குறி தெரிய வேண்டும். முன்குறியின் உச்சியும் பள்ளத்தின் இரு விளிம்புகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இவ்வாறு அமையும் காட்சியை இலக்கின் மீது பொருத்திய பின்னரே விசை இழுக்கப்படும். கண்ணால் ஒரே நேரத்தில் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் தெளிவாகக் காண இயலாது. எனவே தேர்ந்த சுடுநர்கள் பார்வையை முன்குறியின் மீது குவித்து, இலக்கு சற்று மங்கலாகத் தெரிய விட்டுவிடுவர். முன்குறியின் வடிவம் குறித்து இத்தனை அக்கறை காட்டப்படுவதற்கு இதுவே காரணம்.

1873ல் ஐக்கிய அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்சன் ஆர்மி இவ்வகைத் துப்பாக்கிகளுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். படைக்கு வழங்கப்பட்டவற்றின் குழல் ஏழரை அங்குல (190 மி.மீ.) நீளமானது. அதன் முன்குறி மெல்லிய, மேல்நோக்கிக் குறுகும் ஓர் இரும்புத் தகடு. அது குழலில் வெட்டிய பிளவில் பதித்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. பின்குறி மேற்பட்டையில் ஓடும் ஒரு குறுகிய பள்ளம். இதற்கும் முந்திய 1851ஆம் ஆண்டின் கோல்ட் நேவி வகையில் மேற்பட்டையே கிடையாது. சுத்தியலின் மூக்கில் வெட்டப்பட்ட சிறு பள்ளமே அதன் பின்குறி. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். முன்குறியோ குழலில் செருகப்பட்ட சிறு பித்தளைக் குமிழ். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1899ல் வெளியிட்ட மிலிட்டரி அண்ட் போலீஸ் வகையில் அரைவட்ட வடிவான முன்குறி இருந்தது. பிரித்தானியரின் வெப்லி ஆறாம் வகை (1915) இவற்றிலிருந்து வேறுபட்டது. அதன் முன்குறித் தகடு ஒரு திருகாணியால் மட்டுமே பிடிக்கப்பட்டிருந்தமையால், கழற்றி வேறு உயரமுள்ள தகட்டைப் பொருத்த முடிந்தது. படைத்துறைத் துப்பாக்கி ஒன்றில் இது பாராட்டத்தக்க ஏற்பாடு எனலாம்.

உயரமும் குண்டு படும் இடமும்

பழைய சுழல்துப்பாக்கி ஒன்றைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் முன்குறி தேவைக்கு மேல் உயரமாக இருப்பது போல் தோன்றும். இரு குறிகளின் உச்சியையும் இணைத்து ஒரு நேர்கோடு வரைந்தால், குழல் அக்கோட்டுக்கு இணையாக இராமல் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். இது செய்முறைப் பிழை அன்று. வெடிமருந்து எரியத் தொடங்கியதும் பின்னுதைப்பு ஏற்படுகின்றது. குழல் கைப்பிடிக்கு மேலே அமைந்திருப்பதால், அவ்வுதைப்பு துப்பாக்கியை நேராகப் பின்தள்ளுவதோடு நில்லாது முனையை மேல்நோக்கியும் சுழற்றுகின்றது. குண்டு குழலை விட்டு வெளியேற ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே ஆகும். ஆயினும் அதற்குள் முனை சிறிதளவு உயர்ந்துவிடுகின்றது. அந்த உயர்வை ஈடுசெய்யவே முன்குறி உயரமாக்கப்பட்டுக் குழல் தாழ்த்தி வைக்கப்படுகின்றது.

இதிலிருந்து மாணவர்களை வியக்கவைக்கும் ஒரு விளைவு பிறக்கின்றது. கனமான, மெதுவான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருப்பதால் முனை கூடுதலாக உயர்ந்த பின்னரே வெளியேறும். எனவே அது இலக்கில் மேலே படும். இலேசான, வேகமான குண்டு கீழே படும். வேகமான குண்டுதான் மேலே படும் என்று எண்ணுவது இயல்பு. நீள்துப்பாக்கிகளில் தொலைதூரச் சுடுதலில் அது பொருந்தும். கைத்துப்பாக்கியின் குறுகிய தூரங்களில் புவியீர்ப்பின் பங்கு சிறியது. நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 25 மீட்டரைக் கடக்க பத்தில் ஒரு நொடி எடுக்கும். அந்நேரத்தில் அது ஏறத்தாழ 5 செ.மீ. மட்டுமே விழும்.

ஒரு துப்பாக்கியின் முன்குறி ஒரு குறிப்பிட்ட எடையுள்ள குண்டுக்கும், ஒரு குறிப்பிட்ட அளவு மருந்துக்கும், ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கும் மட்டுமே சரியாக இருக்கும் என்பது இதனால் விளங்கும். .45 கோல்ட் தோட்டாவில் தொடக்கத்தில் 40 கிரெயின் (2.6 கிராம்) கருமருந்தும் 255 கிரெயின் (16.5 கிராம்) எடையுள்ள ஈயக் குண்டும் இருந்தன. தரைப்படை விரைவிலேயே மருந்தை 30 கிரெயினாகக் குறைத்தது. தோட்டா மாறியது, துப்பாக்கியின் குறி மாறவில்லை. இன்று இலக்குச் சுடுதலுக்குப் பயன்படும் மென்மையான தோட்டாக்களும் பழைய அளவுகளிலிருந்து வேறுபட்டவை. சுடுபவர் கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றார் என்பதும் முனையின் உயர்வை மாற்றும். ஒரே துப்பாக்கி இருவர் கையில் இரண்டு இடங்களில் சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு மாற்ற வேண்டும்

முன்குறித் திருத்தத்தின் திசை பலரைக் குழப்புவது. பின்குறியை நகர்த்தும்போது, குண்டு எத்திசையில் செல்ல வேண்டுமோ அத்திசையில் அதனை நகர்த்த வேண்டும். முன்குறிக்கு இது தலைகீழானது. குண்டு கீழே பட்டால் முன்குறியைக் குறைக்க வேண்டும்; மேலே பட்டால் முன்குறியை உயர்த்த வேண்டும். முன்குறி குட்டையானால் அதன் உச்சியைப் பின்குறியின் மட்டத்துக்குக் கொண்டுவரச் சுடுபவர் குழல் முனையை உயர்த்தியாக வேண்டும். குண்டும் அதனோடு உயரும். பக்கவாட்டிலும் இவ்வாறே. குண்டு இடப்புறம் விலகினால் முன்குறியை இடப்புறமாகவே நகர்த்த வேண்டும். பிழை எப்பக்கமோ முன்குறியும் அப்பக்கம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அளவைக் கணக்கிட வடிவொத்த முக்கோணங்களே போதும். இலக்கில் உள்ள பிழையைக் குறிகளுக்கு இடைப்பட்ட தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால், முன்குறியில் செய்ய வேண்டிய மாற்றம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, இரு குறிகளுக்கும் இடைத்தூரம் 200 மி.மீ. எனவும், 25 மீட்டர் தூரத்தில் குண்டுகள் 75 மி.மீ. கீழே படுகின்றன எனவும் கொள்வோம். 75ஐ 200ஆல் பெருக்கி 25,000ஆல் வகுத்தால் 0.6 மி.மீ. வரும். அவ்வளவே அராவ வேண்டும். இதே துப்பாக்கியில் 0.1 மி.மீ. மாற்றம், அதாவது சாதாரண எழுதுதாள் ஒன்றின் தடிப்பளவு, இலக்கில் 12.5 மி.மீ. நகர்வை உண்டாக்கும். குறுங்குழல் துப்பாக்கிகளில் இடைத்தூரம் குறைவு என்பதால் அங்கு அதே 0.1 மி.மீ. இன்னும் பெரிய நகர்வைத் தரும்.

அராவுதல்

அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதிகம். முதலில், இனி இத்துப்பாக்கியில் பயன்படுத்தப்போகும் தோட்டாவைத் தீர்மானிக்க வேண்டும். பின்னர் அத்தோட்டாவைக் கொண்டு, கைகளைத் தாங்கலில் வைத்துப் பலமுறை சுட்டு, துளைகள் கூடும் இடத்தின் நடுவைக் காண வேண்டும். ஒரு தனித்துளையை நம்பி அராவுவது தவறு. அத்துளை துப்பாக்கியின் பிழையைக் காட்டுகின்றதா, சுட்டவரின் கைந்நடுக்கத்தைக் காட்டுகின்றதா என்று சொல்ல இயலாது. விசையைத் திடீரென இழுக்கும் பழக்கமுடைய வலக்கையர்களின் குண்டுகள் இடப்புறம் கீழே செல்வது மிகப் பொதுவான குறைபாடு. அதனைத் துப்பாக்கியின் குறையாகக் கருதி முன்குறியை அராவியவர், பின்னாளில் தமது பழக்கத்தைத் திருத்திக்கொண்டால், துப்பாக்கி மேலே சுடுவதைக் காண்பார். இயன்றால் இன்னொரு தேர்ந்த சுடுநரிடமும் கொடுத்துச் சுட்டுப்பார்ப்பது நலம்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்த பின், உருளையைக் கழற்றிவிட்டு, குழலை மரக்கட்டை அல்லது தோல் வைத்த வைஸில் பிடிப்பர். குழல் முனையைச் சுற்றிப் பட்டையான ஒட்டுநாடா சுற்றப்படும்; அரம் ஒருமுறை வழுக்கினால் குழலின் கருநீலப் பூச்சில் விழும் கீறல் நிலைத்துவிடும். முன்குறியின் தொடக்க உயரம் வெர்னியர் அளவியால் அளந்து குறித்துக்கொள்ளப்படும். பற்கள் மிக நுண்ணிய தட்டை அரத்தால், உச்சி கிடைமட்டமாக இருக்கும்படி, ஓரிரு இழுப்புகள் மட்டுமே அராவுவர். கணக்கில் வந்த அளவில் பாதியை எடுத்ததும் நிறுத்திவிட்டு மீண்டும் சுட்டுப்பார்ப்பதே வழக்கம். அதன்பின் மிச்சத்திலும் பாதி. குண்டுகள் இன்னும் சிறிதளவு கீழே படும்போதே பலர் நிறுத்திவிடுவர். உச்சியை மெருகிட்டு விளிம்புகளைச் சீராக்கும்போது இன்னும் சிறிது உலோகம் போகும் என்பது அனுபவத்தில் கண்டது.

சுடுபவரை நோக்கிய முகம் செங்குத்தாகவோ, அடிப்பக்கம் சற்று உட்சென்றோ இருக்க வேண்டும். சாய்ந்தும் வளைந்தும் உள்ள முகம் மேலிருந்து விழும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும். அப்போது உச்சி எங்கே முடிகின்றது என்பது தெரியாது. பழைய கோல்ட் துப்பாக்கிகளின் வளைந்த தகடுகளில் இது பெருங்குறை. ஒளிர்வைத் தடுக்க அம்முகத்தில் நுண்ணிய குறுக்குக்கோடுகள் வெட்டப்படுவதும் உண்டு. அராவிய இடம் வெண்மையாகப் பளபளக்கும். அதனைக் குளிர்நிலைக் கறுப்பேற்றும் திரவத்தால் கறுப்பாக்கினால் வேலை நிறைவுபெறும்.

உயர்த்துதல்

குண்டு மேலே பட்டால் நிலைமை கடினமானது. கோல்ட் நேவி போன்ற கருமருந்துச் சுழல்துப்பாக்கிகள் 25 மீட்டர் தூரத்தில் மிக மேலே சுடுவது நன்கறியப்பட்டது. அவற்றின் குறிகள் அதைவிடத் தொலைவான இலக்குகளுக்கே பொருந்தின. பித்தளைக் குமிழைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் உயரமான குமிழைச் செருகுவது எளிய தீர்வு. அதுவும் போதாதவிடத்து, குழலின் மேற்பகுதியில் குறுக்காகப் புறாவால் வடிவில் ஒரு வெட்டு வெட்டி, அதில் புதிய தகடு இறுகத் தட்டி நுழைக்கப்படும். இவ்வெட்டு பக்கவாட்டுத் திருத்தத்துக்கும் இடம் தருவது ஒரு கூடுதல் நன்மை.

சிங்கிள் ஆக்சன் ஆர்மியில் பழைய தகட்டை நீக்கி உயரமானதைப் பற்றவைக்கலாம். அல்லது இருக்கும் தகட்டின் மீது உலோகத்தைப் பற்றவைத்து வளர்த்து, பின் அராவி வடிவமைக்கலாம். இரண்டிலும் குழல் முனை சூடேறும். அதிக வெப்பம் பூச்சைக் கெடுப்பதோடு, கவனக்குறைவானால் குழலின் உட்புறத்தையும் பாதிக்கக்கூடும். ஆகவே இது கைதேர்ந்த கம்மியரின் வேலை. வெட்டவும் பற்றவைக்கவும் முன்னர், சரியான உயரத்தை அறிய, ஒரு துண்டுத் தகட்டைப் பசையால் தற்காலிகமாக ஒட்டிச் சுட்டுப்பார்ப்பது உண்டு. இத்தாலியில் செய்யப்படும் கோல்ட் மறுபதிப்புகள் சிலவற்றில் முன்குறி வேண்டுமென்றே உயரமாக விடப்பட்டுள்ளது. வாங்குபவர் தம் தோட்டாவுக்கேற்ப அராவிக்கொள்ளலாம்.

பக்கவாட்டுப் பிழை

உயரத்தைத் தொடுவதற்கு முன் பக்கவாட்டுப் பிழையைத் தீர்ப்பது முறை. மெல்லிய தகட்டைச் சிறிதளவு வளைப்பது பழைய வழி. அது அழகற்றது, தகடு ஒடியவும் கூடும். பின்குறிப் பள்ளத்தின் ஒரு சுவரை அராவி அகலமாக்குவது இன்னொரு வழி. மிகச் செம்மையானது குழலையே திருப்புவது. குழல் உடற்சட்டத்தில் மரையால் பொருத்தப்பட்டிருப்பதால், அதனை மேலும் சிறிது இறுக்கினால், பின்னாலிருந்து பார்ப்பவருக்கு முன்குறி இடப்புறம் சாயும். தளர்த்தினால் வலப்புறம் சாயும். இடப்புறம் சுடும் துப்பாக்கிக்கு இறுக்குவதே மருந்து. இதற்கு உடற்சட்டத்தை முறுக்காமல் பிடிக்கும் தனிக் கருவி தேவை. சுத்தியல் கைப்பிடியைச் சட்டத்துக்குள் நுழைத்துத் திருப்பி, சட்டத்தையே கோணலாக்கப்பட்ட துப்பாக்கிகளும் உள்ளன.

தெளிவாகத் தெரியும் முன்குறிகள்

உயரம் சரியாக இருந்தும் முன்குறி கண்ணுக்குத் தெரியாவிட்டால் பயனில்லை. 19ஆம் நூற்றாண்டின் இலக்குச் சுடுநர்கள் மெல்லிய தகட்டுக்கு மாற்றாக உச்சியில் மணி போன்ற குமிழ் வைத்த குறிகளை விரும்பினர். 1890களில் அமெரிக்கச் சுடுநர் ஈ. ஈ. பேட்ரிட்ஜ், தட்டையான உச்சியும் செங்குத்துப் பக்கங்களும் கொண்ட தடித்த முன்குறியையும், அதற்கேற்ற சதுரப் பள்ளத்தையும் பரப்பினார். பள்ளத்தில் முன்குறியின் இருபுறமும் சம அளவு ஒளி தெரிகின்றதா என்பதைக் கண் மிக நுட்பமாக அறியும். இவ்வமைப்பு அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. பிற்காலக் கைத்துப்பாக்கிக் குறிகளுள் பெரும்பாலானவை இதன் வழிவந்தவை. பழைய துப்பாக்கியின் மெல்லிய தகட்டை நீக்கித் தடித்த சதுரத் தகடு வைப்பதும், பள்ளத்தை அதற்கேற்ப அகலமாக்குவதும் இதனைப் பின்பற்றியே செய்யப்படுகின்றன. வயது ஏறிய கண்களுக்கு இம்மாற்றம் உயரத்திருத்தத்தைவிடவும் பயனுள்ளது.

கோல்ட் நிறுவனம் இத்தேவையை அறிந்தே இருந்தது. இங்கிலாந்தின் பிசுலி சுடுகளத்தின் பெயரால் 1894ல் வெளிவந்த பிசுலி வகையின் இலக்குப் பதிப்பில், பின்குறியைப் பக்கவாட்டில் நகர்த்தவும், முன்குறித் தகட்டைக் கழற்றி மாற்றவும் முடிந்தது.

20ஆம் நூற்றாண்டில் நிறமும் ஒளியும் கவனம் பெற்றன. மொன்டானாவைச் சேர்ந்த விரைவுச் சுடுநர் எட் மக்கிவர்ன் தங்கக் குமிழ் பதித்த முன்குறியைப் பயன்படுத்தினார். ஸ்மித் அண்ட் வெசன் அதனை அவர் பெயரிலேயே விற்றது. சான் பிரான்சிசுகோவின் கிங் நிறுவனம், சாய்தளத்தில் சிறு கண்ணாடி போன்ற பளபளப்பான தகட்டைப் பதித்து, அது மேலிருந்து வரும் ஒளியைச் சிவப்பு முன்குறியின் மீது வீசுமாறு அமைத்தது. அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையின் பிராங்க் பாமன், உறையில் சிக்காமல் உருவுவதற்கேற்ற சாய்வான முன்குறியை வடிவமைத்தார். ஐடகோவின் எல்மர் கீத், தொலைதூரச் சுடுதலுக்காக முன்குறியின் முகத்தில் குறுக்கே தங்கக் கோடுகளைப் பதித்துக்கொண்டார். இலக்கு தொலைவானால் முன்குறியைப் பள்ளத்துக்கு மேலே உயர்த்தி, எந்தக் கோடு மட்டத்தில் நிற்கின்றது என்று பார்த்துச் சுடுவது அவர் முறை. ஓர் அசையாக் குறியிலிருந்து பல தூரங்களுக்கான குறிகளைப் பெறும் இவ்வழி, மேற்சொன்ன எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமானது என்று கருத இடமுண்டு.

செலவற்ற மாற்றமும் ஒன்றுண்டு. கார்பைடு விளக்கு, மெழுகுவத்தி, கற்பூரம் ஆகியவற்றின் புகையில் காட்டினால் முன்குறியின் மீது மென்மையான கரி படியும். பளபளப்பு முற்றாக நீங்கும். சுட்டு முடித்ததும் துணியால் துடைத்துவிடலாம்.

1955ல் ரூகர் நிறுவனம் நகர்த்தக்கூடிய பின்குறியோடு பிளாக்காக் என்ற சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. கோல்ட் நிறுவனம் 1961ல் நியூ பிரான்டியர் வகையைக் கொணர்ந்தது. இத்தகைய துப்பாக்கிகள் பெருகியபின் அராவும் தேவை குறைந்தது. எனினும் 1987ல் சிங்கிள் ஆக்சன் சூட்டிங் சொசைட்டி அமைக்கப்பட்டு, பழைய மேற்கத்திய பாணியிலான போட்டிகள் பரவியதும், அசையாக் குறிகள் மீண்டும் பலர் கைக்கு வந்தன. அரமும் கூடவே வந்தது.

பழமையும் பயன்பாடும்

1873 முதல் இரண்டாம் உலகப்போர்க் காலத் தொடக்கம் வரை செய்யப்பட்ட கோல்ட் சிங்கிள் ஆக்சன் ஆர்மிகள் முதல் தலைமுறை எனப்படுகின்றன. இவற்றைச் சேகரிப்போர் முன்குறியின் மூல உயரத்தை உற்று நோக்குவர். அராவிய தகடு துப்பாக்கியின் விலையைப் பெரிதும் குறைக்கும். அதேவேளை, அக்காலத்திலேயே அராவப்பட்ட துப்பாக்கிகளும் ஏராளம். உறையிலிருந்து விரைந்து உருவ வேண்டிச் சிலர் தகட்டை மிகவும் குறைத்தனர். அவை இன்று மிக மேலே சுடுகின்றன. நூறாண்டுக்கு முந்திய அராவலைச் சரிசெய்வதா, அதுவும் அத்துப்பாக்கியின் வரலாறு என்று விடுவதா என்பதில் சேகரிப்போரிடையே ஒத்த கருத்து இல்லை.

மூலநிலையில் உள்ள துப்பாக்கியை அராவாமல் சுட விரும்புவோர் தோட்டாவை மாற்றுகின்றனர். கீழே சுடும் துப்பாக்கிக்குக் கனமான, மெதுவான குண்டு. மேலே சுடுவதற்கு இலேசான குண்டு. இதற்கும் எல்லை உண்டு. கோல்ட் நிறுவனம் தன் சிங்கிள் ஆக்சன் துப்பாக்கிகளுக்குப் புகையற்ற மருந்தில் உறுதியளித்தது 1900ல்தான். அதற்கு முந்தியவை கருமருந்தின் அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டவை. குண்டைக் கீழிறக்க வேகத்தைக் கூட்டுவது அத்தகைய துப்பாக்கியின் உருளையை வெடிக்கச் செய்யக்கூடும். தகட்டை மாற்றியே ஆகவேண்டிய நிலையில், பழைய தகட்டை எறியாமல், எப்போது, யாரால், எவ்வளவு மாற்றப்பட்டது என்ற குறிப்போடு ஓர் உறையிலிட்டுத் துப்பாக்கியுடனேயே வைத்திருப்பது பொறுப்புள்ள கம்மியர்களின் வழக்கமாகும்.